எழுதுமுன் வாசித்தல்: உள்ளடக்க வியூகத்தில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள்

1900-ஆம் ஆண்டில், பிரான்ஸ் தேசத்துச் சாலைகளில் மோட்டார் வண்டியைக் காண்பதே அபூர்வமாக இருந்த காலத்தில், டயர் உற்பத்தி செய்து வந்த மிச்செலின் சகோதரர்கள் ஒரு சிறு கைந்நூலை அச்சிட்டு, வண்டி ஓட்டுவோருக்கு இலவசமாக வழங்கினார்கள். எந்த ஊரில் பெட்ரோல் கிடைக்கும், பழுது பார்ப்போர் எங்கே இருக்கிறார்கள், டயரை வழியிலேயே கழற்றி மாட்டும் முறை யாது, இருட்டிவிட்டால் தங்குவதற்கு எந்த விடுதி உண்டு என்று, வீட்டை விட்டுப் புறப்படுகிறவன் மனத்தில் எழக்கூடிய வினாக்களுக்கெல்லாம் அதில் விடை இருந்தது. வண்டி வெகுதூரம் ஓடினால்தான் டயர் தேயும், டயர் தேய்ந்தால்தான் புதிது வாங்குவார்கள் என்ற வியாபாரக் கணக்கு அதன் அடியில் இருந்ததை ஒருவரும் மறுக்க மாட்டார். ஆயினும் அந்தக் கணக்கு பலித்தது, வாசகனின் வினாவை முதலில் அறிந்துகொண்டதனால்தான். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே, 1895-இல், வேளாண் கருவிகள் செய்யும் அமெரிக்க ஸ்தாபனமாகிய ஜான் டீர், உழவர்களுக்கென்று ‘தி ஃபர்ரோ’ என்னும் சஞ்சிகையைத் தொடங்கி இன்றளவும் நடத்தி வருகிறது. உள்ளடக்கச் சந்தைப்படுத்தல் என்று இன்று வழங்கும் கலை இவ்விரண்டு பிரசுரங்களையும் முன்னோடிகளாகக் கொண்டாடுவதற்குக் காரணம் அவற்றின் தொன்மை மாத்திரம் அன்று. பொருளைப் பற்றிப் பேசுமுன் அதைக் கையாளுகிற மனிதனைப் பற்றிச் சிந்தித்த அவற்றின் முறைமையே ஆகும்.

அக்காலத்தில் வாசகனின் மனத்தை அறிவதற்கு, பட்டறைக்கு வருகிறவர்களோடு பேசியும், விற்பனைக்காக ஊர் ஊராகச் சுற்றுகிறவர் கொண்டுவந்த செய்தியைக் கேட்டும், தபாலில் வந்த கடிதங்களைப் படித்தும் சிறிது சிறிதாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இன்றோ, தேடுபொறியில் தட்டிய சொற்களாகவும், சேவை எண்ணுக்கு வந்த அழைப்புகளாகவும், வாட்ஸ்அப் செய்திகளாகவும், விற்பனைத் தளங்களில் எழுதிய மதிப்புரைகளாகவும், ஏறத்தாழ ஒவ்வொரு வினாவும் எங்கேனும் ஓரிடத்தில் பதிவாகிக் கிடக்கிறது. இன்று குறையாக இருப்பது பதிவு அன்று. அவ்வளவையும் உட்கார்ந்து வாசிக்கும் அவகாசம். பத்துப் பேர் வேலை செய்கிற ஒரு சிறு ஸ்தாபனத்தில், ஓராண்டு அழைப்புகளை எழுத்தாக்கி, வகைப்படுத்தி, அவற்றின் உட்பொருளை ஆராய்வதற்கென்று ஒருவரை நியமிக்க யாராலும் இயலாது. சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் போன்ற கருவிகள் மெய்யாகவே உதவக்கூடிய இடம் இதுவே. இந்த அத்தியாயம் வற்புறுத்த விரும்புவதும் இது ஒன்றைத்தான்: இக்கருவிகளை எழுதுவதற்கு முன்னர் வாசிப்பதற்குப் பயன்படுத்துங்கள்.

பெரும்பாலோர் இதற்கு நேர்மாறாகவே தொடங்குகிறார்கள். கருவி கட்டுரை எழுதித் தருகிறது என்று கண்டவுடன், மாதம் நான்கு கட்டுரை வெளியிட்டவர் நாற்பது வெளியிடத் துணிகிறார். இதன் விளைவை அமெரிக்காவின் சிநெட் என்னும் செய்தித் தளம் அனுபவித்தது. 2022 நவம்பர் முதல், பணவிவகாரங்களை விளக்கும் 77 சிறு கட்டுரைகளை அத்தளம் தானியங்கிக் கருவியின் உதவியால் வெளியிட்டது. 2023 ஜனவரியில் குறைகள் வெளிப்பட்டபின் பரிசீலித்ததில் அவற்றுள் 41 கட்டுரைகளுக்குத் திருத்தம் இட நேர்ந்தது. பத்தாயிரம் டாலரை ஆண்டுக்கு மூன்று சதவீத வட்டிக்கு இட்டால் வட்டியாக முந்நூறு டாலர் கிடைக்கும் என்று எழுத வேண்டிய இடத்தில், பத்தாயிரத்து முந்நூறு டாலர் சம்பாதிக்கலாம் என்று எழுதியிருந்தது. வாக்கியம் தடையின்றி ஓடிற்று, கணக்கு மட்டும் தவறிற்று. கூகிள் ஸ்தாபனமும், 2024 மார்ச் மாதத்தில், தேடலில் முந்துவதையே நோக்கமாகக் கொண்டு பயனற்ற பக்கங்களைப் பெருவாரியாக உற்பத்தி செய்வதை, மனிதன் செய்தாலும் இயந்திரம் செய்தாலும், தன் விதிகளுக்கு மாறான முறைகேடு என்று அறிவித்துவிட்டது. ஆகவே, எண்ணிக்கையைப் பெருக்குவதற்கென்றே இக்கருவியை வாங்குகிறவர் தம் பெயரைப் பணயம் வைக்கிறார் என்பதே என் உறுதியான அபிப்பிராயம்.

செய்முறையை விளக்குவதற்கு, கோயம்புத்தூரில் வீட்டு உபயோக வெட் கிரைண்டர் செய்து விற்கும் நடுத்தர ஸ்தாபனம் ஒன்றைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். கோவை வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். அதைச் செய்வோரும் பலர். விலையிலும் தோற்றத்திலும் ஒருவருடையதை மற்றொருவருடையதிலிருந்து பிரித்துக் காட்டுவது எளிதன்று. அத்தகைய நிலையில், ‘எங்கள் கிரைண்டரே சிறந்தது’ என்று எத்தனை முறை எழுதினாலும் வாசிப்பார் இல்லை. வாங்க நினைப்பவரும், வாங்கிவிட்டுத் திகைப்பவரும் எதைக் கேட்கிறார்கள் என்று முதலில் அறிய வேண்டும்.

அதற்கான மூலப்பொருள் மூன்று இடங்களில் கிடைக்கும். முதலாவது, கூகிளின் சர்ச் கன்சோல். உங்கள் தளம் எந்தெந்தத் தேடல்களுக்குக் காட்டப்பட்டது, எத்தனை பேர் அதைச் சொடுக்கினார்கள், சராசரியாக எத்தனையாவது இடத்தில் நின்றது என்ற விவரங்களை அது 16 மாத காலத்துக்கு வைத்திருக்கிறது, கட்டணம் இல்லை. திரையிலிருந்து நேராக இறக்கினால் ஆயிரம் வரிகளே வரும் என்பதையும், மிகச் சிலரே தேடிய சொற்களைத் தனியுரிமை கருதி அது காட்டாமல் மறைத்துவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இரண்டாவது, விற்பனைத் தளங்களிலும் யூடியூபிலும் மக்கள் எழுதியவை. உங்கள் பண்டத்தைப் பற்றி மட்டுமன்றிப் பிறர் பண்டத்தைப் பற்றி எழுதியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். மூன்றாவதும் தலையாயதுமானது, சேவை எண்ணுக்கு வரும் அழைப்புகள். முதலிரண்டும் உங்கள் போட்டியாளருக்கும் ஏதோ ஓர் அளவில் எட்டக்கூடியவை. மூன்றாவது உங்களிடம் மட்டுமே உள்ள செல்வம். அப்படியிருந்தும் அதையே பெரும்பாலான ஸ்தாபனங்கள் வாசிப்பதே இல்லை.

அந்த அழைப்புகளுள் ஒன்றைச் சற்றே அருகிருந்து கேட்போம். “ஏனுங்க, புது கிரைண்டருங்க, அரைச்சா மாவு கறுப்பா வருதுங்களே, கல்லு சரியில்லீங்களா?” என்று பொள்ளாச்சிப் பக்கத்து அம்மையார் ஒருவர் கேட்கிறார். “கல்லுக்கு ஒண்ணும் இல்லீங்க அம்மா, மொத ரெண்டு மூணு தடவைக்குப் பழைய அரிசி கொஞ்சம் போட்டுத் தண்ணி விட்டு ஓட்டி, அந்த மாவைக் கொட்டிருங்க; அப்புறம் வெள்ளையா வந்துருமுங்க” என்று பட்டறையில் இருபது வருஷம் வேலை பார்த்தவர் பதில் சொல்கிறார். அரை நிமிடத்தில் முடிந்த இந்தப் பேச்சுக்குள் ஒரு வினா, அதன் பின்னே ஒரு சந்தேகம், அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் அனுபவம் ஆகிய மூன்றும் அடங்கியிருக்கின்றன. பண்டத்தைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்று யோசிக்கும் நிலையில் இருக்கிற ஒருவரின் பேச்சு இது. ஆனால் ஸ்தாபனத்தின் தளத்தைத் திறந்து பார்த்தாலோ, மோட்டாரின் திறனும் உத்தரவாதக் காலமும் இருக்குமேயன்றி, புதுக் கல்லைப் பழக்குவது எவ்வாறு என்ற ஒரு வரி இருக்காது.

அழைப்புகளின் ஒலிப்பதிவை எழுத்தாக மாற்றுவதற்கு, ஓப்பன்ஏஐ ஸ்தாபனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட விஸ்பர் போன்ற கருவிகள் உள்ளன; தமிழையும் அவை எழுதும். எனினும் கொங்குப் பேச்சும் ஆங்கிலச் சொற்களும் கலந்து வரும் இடங்களில் பிழை மலியும் என்பதால், ஒவ்வொரு தொகுப்பிலும் சில பதிவுகளை ஒருவர் காதால் கேட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். அதைவிட அவசியமானது மற்றொன்று. வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி எண், முகவரி ஆகியவற்றை நீக்காமல் எந்த வெளிக் கருவியிலும் எதையும் ஏற்றக் கூடாது. அந்த மனிதர் தம் மாவைப் பற்றி உங்களிடம் பேசினாரேயன்றித் தம் விவரங்களை உலகுக்கு ஒப்படைக்கவில்லை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இந்தப் பொறுப்பை உங்கள் தலைமேல்தான் வைக்கிறது. அதே ஆண்டில் சாம்சங் ஊழியர் சிலர் ஸ்தாபனத்தின் உள்விவரங்களைச் சாட்ஜிபிடியில் இட்டுவிட்டமையால், அத்தகைய கருவிகளையே அந்த ஸ்தாபனம் தன் ஊழியர்களுக்குத் தடை செய்ய நேர்ந்தது. ஒலிப்பதிவு செய்வதை வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே தெரிவிப்பதும், கருவியின் அமைப்புகளில் நம் தரவைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளாதபடி நிறுத்திவைப்பதும் முதல் நாளிலேயே செய்ய வேண்டிய காரியங்கள்.

இனி வகைப்படுத்தல். தேடலின் நோக்கத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும், ஆண்ட்ரெய் ப்ரோடர் என்னும் கணினி விஞ்ஞானி 2002-இல் வகுத்த மூன்று பிரிவுகளிலிருந்தே தொடங்குகிறார்கள்: ஒன்றை அறிந்துகொள்ளத் தேடுவது, குறிப்பிட்ட ஓரிடத்துக்குப் போகத் தேடுவது, வாங்குதல் போன்ற ஒரு செயலை முடிக்கத் தேடுவது. இப்பிரிவு பயனுள்ளதே, ஆயினும் வியூகம் வகுப்பதற்கு அது போதாது. ‘இரண்டு லிட்டர் கிரைண்டர் எத்தனை பேருக்குப் போதும்’ என்று கேட்பவரும், ‘கிரைண்டர் பெல்ட் நழுவுகிறது’ என்று கேட்பவரும் ஒன்றை அறிந்துகொள்ளவே தேடுகிறார்கள். ஆனால் முன்னவர் இன்னும் கடைக்குப் போகாதவர், பின்னவர் வாங்கிச் சில வருஷம் ஆனவர். ஆதலால், வாங்குமுன், முதல் வாரம், அன்றாட உபயோகம், பழுது, மாற்றி வாங்குதல் என்று உங்கள் பண்டத்தோடு ஒரு மனிதர் வாழும் வாழ்க்கையின் படிகளையே வகைகளாகக் கொள்வது நலம். இவ்வகைகளைக் கருவியிடம் கேட்டுப் பெறாதீர்கள். நூறு வரிகளை நீங்களே ஒரு முற்பகல் உட்கார்ந்து வாசித்து, பட்டறைக்காரரோடும் விற்பனையாளரோடும் கலந்து நிர்ணயம் செய்யுங்கள். கருவி தரும் வகைகள் எந்த வியாபாரத்துக்கும் பொருந்துமாறு பொதுவாக இருக்கும். எதற்கும் பொருந்துவது உங்கள் வியாபாரத்தைப் பற்றி எதையும் தெரிவிப்பதில்லை.

வகைகள் அமைந்தபின் கருவிக்கு இடும் கட்டளை ஏறத்தாழ இவ்வாறு இருக்கலாம்: ‘கீழே உள்ள ஒவ்வொரு வரியும் ஒரு வாடிக்கையாளரின் வினா. ஒவ்வொன்றையும் நான் விளக்கியுள்ள ஐந்து வகைகளுள் ஒன்றில் மட்டும் சேர். எதிலும் அடங்காததைப் பிற என்று விட்டுவிடு, வலிந்து சேர்க்காதே. வரியின் சொற்களை மாற்றாமல், ஒன்றும் விடுபடாமல், வரிசை எண்ணோடு அட்டவணையாகத் திருப்பிக் கொடு.’ வகை ஒவ்வொன்றுக்கும் இரண்டு உதாரண வரிகளையும், அதில் சேராதது எது என்பதற்கு ஓர் உதாரணத்தையும் உடன் வைத்தால் தவறு வெகுவாகக் குறையும். ‘பிற’ என்னும் அந்த ஆறாவது இடத்தை ஒருபோதும் அடைத்துவிடாதீர்கள். புதிய செய்தி வந்து சேருகிற இடம் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.

தமிழில் இவ்வேலையைச் செய்கிறவர் அறிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. இக்கருவிகளை இயக்கும் மொழி மாதிரிகள் எழுத்தைச் சொல் சொல்லாக அன்றி, டோக்கன் எனப்படும் துணுக்குகளாக நறுக்கியே வாசிக்கின்றன. ஆங்கிலத்தை அடிப்படையாகக் கொண்டு அமைந்த பழைய முறையில், தமிழ்ச் சொல் ஒன்று பல துணுக்குகளாகச் சிதறிற்று. 2024 மே மாதத்தில் ஜிபிடி-4ஓ என்னும் மாதிரி வெளிவந்தபோது, முன்னர் 116 துணுக்குகள் பிடித்த ஒரு தமிழ் வாசகம் இப்போது 35-இல் அடங்குகிறது என்று ஓப்பன்ஏஐ தானே எடுத்துக்காட்டிற்று. நிலைமை சீர்பட்டுவிட்டது என்றாலும், ஒரே தடவையில் ஆயிரக்கணக்கான தமிழ் வரிகளைக் கொட்டினால் நடுவில் சில வரிகள் ஓசையின்றி விடுபட்டுப் போவது உண்டு. இருநூறு இருநூறாகக் கொடுத்து, திரும்பி வந்த வரிசை எண்கள் முழுமையாக உள்ளனவா என்று சரிபார்த்துக்கொள்வது உத்தமம். இதனினும் பெரிய சிக்கல், நம்மவர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டும் பழக்கம். ‘மாவு புளிக்க’ என்பதை ஒருவர் ஒருவிதமாகவும் மற்றொருவர் வேறுவிதமாகவும் எழுதுவதால், ஒரே வினா ஸ்ப்ரெட்ஷீட்டில் இருபது உருவங்களில் சிதறி, ஒவ்வொன்றும் அற்பமாகத் தோன்றும். இவற்றையெல்லாம் ஒன்றாகக் கூட்டிச் சேர்ப்பதில் இக்கருவிகள் காட்டும் திறமை மெய்யாகவே வியக்கத்தக்கது. முந்தைய மென்பொருள் எதுவும் இதை இவ்வளவு நேர்த்தியாகச் செய்ததில்லை.

வகைப்படுத்தியது சரியா என்று அறிய, நூறு வரிகளை எடுத்து, உங்கள் அலுவலகத்தில் இருவர் ஒருவரையொருவர் பார்க்காமல் வகைப்படுத்தட்டும். பின்னர் அவ்விரண்டையும் கருவியின் விடையோடு வைத்துப் பாருங்கள். இருவருமே மாறுபடுகிற இடத்தில் குற்றம் கருவியினுடையது அன்று, வகையின் இலக்கணமே தெளிவாக இல்லை என்று பொருள். இருவரும் ஒத்து, கருவி மட்டும் விலகும் இடங்களைத் திரட்டி, அவற்றையே புதிய உதாரணங்களாகக் கட்டளையில் சேர்த்து மறுபடியும் ஓட்டினால், இரண்டு மூன்று சுற்றுகளில் நம்பத்தக்க நிலை வந்துவிடும்.

எண்ணுகிற வேலையை மட்டும் கருவியின் வாக்குக்கு விட்டுவிடக் கூடாது. அடுத்து வரக்கூடிய துணுக்கை ஊகித்து ஊகித்து வாக்கியம் அமைப்பதே இம்மாதிரிகளின் இயல்பாதலால், ‘எத்தனை பேர் இதைக் கேட்டார்கள்’ என்றால் எண்ணிப் பார்க்காமலே ஓர் எண்ணைச் சொல்லிவிடும். வகைப்படுத்திய அட்டவணையை எக்செல்லில் இட்டு அங்கே எண்ணுங்கள். அல்லது கருவி நிரல் எழுதி இயக்கும் வசதி உடையதாயின், அந்த வழியாக எண்ணச் சொல்லுங்கள். இதே காரணத்தால், ‘இந்தச் சொல்லை மாதம் எத்தனை பேர் தேடுகிறார்கள்’ என்று தரவு எதனோடும் இணைக்கப்படாத உரையாடல் கருவியிடம் கேட்டு, அது சொல்வதை அறிக்கையில் எழுதுவது பெருந்தவறு. அந்த எண்ணுக்கு ஆதாரமே கிடையாது. கூகிள் ட்ரெண்ட்ஸ் காட்டும் நூறும் ஐம்பதும்கூட ஆட்களின் எண்ணிக்கை அல்ல, உச்சத்தை நூறாகக் கொண்ட ஒப்பீடே. ஆயினும் பருவத்தை அறிய அது நல்ல துணை: மார்கழிக் குளிரில் மாவு பொங்கவில்லை என்ற தேடல் ஏறுகிறதா என்று பார்த்து, கார்த்திகையிலேயே அதற்கான பக்கத்தை ஆயத்தம் செய்துகொள்ளலாம்.

இனி, மேற்கண்ட முறையால் வெளிப்படக்கூடியது என்ன? நம் கற்பனை ஸ்தாபனத்தின் ‘பிற’ என்னும் பிரிவில், அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் கிரைண்டரை எடுத்துச் செல்லலாமா என்ற வினா, மகளுக்குக் கொடுத்தனுப்பும் தாயின் குரலிலும், அங்கே போனபின் பிளக்கைச் செருகத் தயங்கும் மருமகனின் குரலிலும், பல உருவங்களில் மீண்டும் மீண்டும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வரியாகப் பார்த்த வரையில் இது யாருக்கும் ஒரு பொருட்டாகப் பட்டிராது. ஒன்றாகக் கூட்டியபின், இது ஒரு தனி வகை என்பது பிரத்தியட்சமாகத் தெரிகிறது. இதற்கு விடை எழுதுமாறு கருவியைக் கேட்டால், மின்னழுத்தத்தை உயர்த்தும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி நின்றுவிடக்கூடும். பட்டறை மெக்கானிக் அதற்கு மேலும் ஒன்று சொல்வார். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வட அமெரிக்காவினுடையது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றுமேயன்றி ஹெர்ட்ஸை மாற்றாது. கிரைண்டரை இயக்கும் இண்டக்ஷன் மோட்டாரின் வேகமோ ஹெர்ட்ஸைப் பொறுத்தது. ஆகவே அங்கே அதே கிரைண்டர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் சுற்றும். மாவு சூடாகாமல் நிதானமாக அரைபடுவதற்கென்றே மக்கள் மிக்சியை விட்டு கிரைண்டரை வாங்குகிறார்கள் என்பதால், இது சின்ன விஷயம் அன்று. லண்டனுக்குப் போகிறவருக்கோ இந்தக் கவலையே இல்லை. அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். எந்த நாட்டுக்கு எந்த மாடல் பொருந்தும், வட அமெரிக்க மின்சாரத்துக்கென்றே செய்ததை எப்போது வாங்க வேண்டும் என்று அந்த மெக்கானிக்கின் அறிவை ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதி வைத்தால், அது நாற்பது பொதுக் கட்டுரைகள் செய்யாததைச் செய்யும். வினா இருந்த இடத்தைக் காட்டியது கருவி. விடை இருந்ததோ பட்டறையில்.

போட்டியாளரின் தளங்களை ஆராய்வதற்கும் இக்கருவி உதவும். ஆனால் அதற்கு அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. ஐந்தாறு ஸ்தாபனங்களின் கட்டுரைத் தலைப்புகளைத் தொகுத்துக் கொடுத்து, எல்லாரும் எழுதியது எது, ஒருவரும் எழுதாதது எது என்று கேட்டால் ஒரு பட்டியல் கிடைக்கும். எல்லாரும் எழுதியதை நாமும் எழுத வேண்டும் என்று அதற்குப் பொருள் கொள்கிறவர்கள் மிகுதி. அவ்வழியில் போனால் எல்லாத் தளமும் ஒரே தளம் ஆகிவிடும். ஒருவரும் எழுதாத வினா உங்கள் அழைப்புகளிலும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்; இரண்டிலும் பொருந்துவது எதுவோ அதுவே கவனத்துக்கு உரியது.

கருவியோடு ஆலோசிக்கும்போது மனத்தில் கொள்ள வேண்டிய ஒரு தன்மை, அதன் உடன்பட்டுப் போகும் சுபாவம். ‘நாங்கள் காணொளியில் முழுமூச்சாக இறங்கப் போகிறோம், இது நல்ல திட்டம்தானே’ என்று கேட்டால், நல்ல திட்டம் என்பதற்கே அழகான காரணங்களை அடுக்கித் தரும். உங்கள் விருப்பத்தை வெளியிடாமல் கேளுங்கள். ‘இந்தத் திட்டம் ஓராண்டு கழித்துத் தோற்றுவிட்டது என்று கொள், இங்கே நான் தந்துள்ள தரவில் அத்தோல்வியை முன்னறிவித்த வரிகள் எவை, வரிசை எண்ணோடு காட்டு’ என்று கேட்டால், அது ஆதாரத்தைத் தேடக் கட்டாயப்படுகிறது. காட்டிய வரிசை எண்களைத் திறந்து பார்த்து, அந்த வரி மெய்யாகவே அதைச் சொல்கிறதா என்று சோதிப்பது உங்கள் வேலை. அதே வினாவைத் தனித்தனிப் புதிய உரையாடல்களில் மூன்று முறை கேட்டு, மூன்றிலும் மாறாமல் வருவதை மட்டும் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்வதும் நல்ல பழக்கம். ஒரு முறை வந்து மறுமுறை வராதது பெரும்பாலும் தரவிலிருந்து எழுந்ததாக இராது.

இவ்வளவுக்கும் பிறகு எழுத வேண்டியது ஒரே ஒரு தாள். அதில் இந்தக் காலாண்டில் விடையளிக்கப் போகும் வினாக்கள் எட்டோ பத்தோ, ஒவ்வொன்றுக்கும் ஆதாரமான வரிசை எண்கள், விடை சொல்லத் தக்க அனுபவஸ்தர் யார், எந்த வடிவத்தில் சொல்வது ஆகியவை இருக்கட்டும். அதே தாளின் கீழ்ப்பாதியில், எழுதப் போவதில்லை என்று தீர்மானித்தவற்றையும் காரணத்தோடு குறியுங்கள். ‘இட்லியின் வரலாறு’ என்ற கட்டுரைக்கு வாசகர் கிடைக்கலாம். கிரைண்டர் வாங்குவோர் அதைக் கேட்டதாக உங்கள் தரவில் ஒரு வரியும் இல்லையெனில், அது கீழ்ப்பாதியில்தான் இருக்க வேண்டும். என் மதிப்பில் இந்தக் கீழ்ப்பாதியே வியூகத்தின் சாரம். மேற்பாதியை யாரும் நிரப்பிவிடலாம், கீழ்ப்பாதியை நிரப்புவதற்கு மனத்துணிவு வேண்டும்.

அனுபவஸ்தரைப் பேசவைத்து, அவர் பேச்சைப் பதிவு செய்து, அதிலிருந்து கட்டுரையின் முதற்படியை ஒழுங்கு செய்யக் கருவியின் உதவியைப் பெறுவதில் பிழையில்லை. வெளியிடுமுன் அவரே அதைப் படித்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் மாறாத நிபந்தனையாக இருக்கட்டும். இயந்திரம் சொன்னது என்ற சமாதானம் சட்டத்தின் முன் நிற்பதில்லை: ஏர் கனடா விமான ஸ்தாபனத்தின் தளத்தில் இருந்த உரையாடல் கருவி, கட்டணச் சலுகையைப் பற்றிப் பயணி ஒருவருக்குத் தவறான தகவல் தந்த வழக்கில், அக்கருவியின் சொல்லுக்குத் தான் பொறுப்பல்ல என்ற வாதத்தை 2024 பிப்ரவரியில் கனடாவின் தீர்ப்பாயம் ஒன்று ஏற்க மறுத்து, பயணிக்கு இழப்பீடு தருமாறு உத்தரவிட்டது. புதுக் கல்லைப் பழக்கும் முறையைத் தவறாக எழுதி ஒருவர் வீட்டு மாவு பாழானால், அதற்கு விடை சொல்ல வேண்டியவர் நீங்களே.

வெளியிட்டபின் மூன்று மாதம் பொறுத்து, பழைய தொகுப்பைச் செய்த அதே முறையில், அதே வகைகளோடு, புதிய அழைப்புகளையும் புதிய தேடல்களையும் மறுபடியும் வகைப்படுத்துங்கள். எத்தனை பேர் பக்கத்தைப் பார்த்தார்கள் என்பதில் மனத்தைப் பறிகொடுத்துவிட வேண்டாம். தேடல் பக்கத்தின் உச்சியிலேயே கூகிள் தானே தொகுத்து விடை தந்துவிடும் இக்காலத்தில், உங்கள் விடையை அங்கேயே படித்துத் திருப்தியடைந்து, தளத்துக்கு வராமலே போகிறவர்களும் இருப்பார்கள். மாவு கறுப்பாக வருகிறது என்ற அழைப்பு குறைந்திருக்கிறதா என்பதே பார்க்க வேண்டியது. குறையவில்லையென்றால், அழைப்பை எடுப்பவர் விடை சொல்லி முடித்தபின், “நம்ம பக்கத்துல இதைப் போட்டிருக்கோமுங்க, பாத்தீங்களா? எதுங்க புரியலை?” என்று ஒரு வார்த்தை கேட்டு, வந்த பதிலைக் கேட்டபடியே எழுதி, அடுத்த தொகுப்பின் முதல் வரிகளாகச் சேர்த்துவிடட்டும்.